கரண்ட் போனால் மட்டும் ராங்கி

தறி ஓடும் சத்தம் எனக்கு முதலில் காலில்தான் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசலில் செருப்பை உதறிவிட்டு, கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் உள்ளங்கால் குறுகுறுவென்று அதிரும். மூலையில் இருக்கும் குடத்துத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்தால் பல் வரைக்கும் ஏறும். அதற்கப்புறம்தான் காதுக்கு ஏதோ தூரத்துத் தெருவில் ஓடுவதைப்போல வந்து சேரும். எல்லாருக்கும் தறி இப்படித்தான் கேட்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படி நினைப்பது, எனக்கு இருந்தது அந்த இரண்டு காதுதானே.

ஆரணியில் பட்டு நெசவுக்காரர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. சில வீட்டில் கைத்தறி, எங்களைப் போன்ற சில வீட்டில் கரண்டில் ஓடும் பவர்லூம். கூடத்தையே அடைத்துக்கொண்டு ஓடும் அந்தத் தறிகளை நைனா பார்த்துக்கொள்ள, அம்மா பின்கட்டில் நூல் சுற்றிக்கொண்டே சமையலையும் பார்ப்பாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறி ஓடும் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசுவதென்பது தனி வித்தை. தொண்டை நரம்பு புடைக்கக் கத்த வேண்டும், அது போதாதென்று கையும் பேச வேண்டும். கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்தால் காப்பி. இரண்டு விரலைக் கத்தரியைப்போல வெட்டினால் இழை அறுந்துவிட்டது. வயிற்றில் தட்டினால் சோறு ஆயிற்று. கூப்பிட்டும் திரும்பாதவர்களுக்கு ஒரே வழி, கிட்டப் போய் முகவாயைப் பிடித்து நம் பக்கம் திருப்பிச் சொல்வது. அம்மா நைனாவுக்கு அப்படித்தான் செய்வாள், நைனா எனக்கு அப்படித்தான் செய்வார், நான் விருந்தாளிகளுக்கும் அப்படித்தான் செய்வேன். எங்கள் வீட்டில் அது மரியாதைக் குறைவே இல்லை.

அந்த வித்தையில் வீட்டிலேயே நான்தான் கெட்டிக்காரி. தறி தடதடவென்று ஓடும்போது நைனா கூடத்திலிருந்து வாயைத் திறந்தால் போதும், நான் எழுந்து ஓடி வந்து நிற்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிப் பூரித்துப்போவார்.

"எங்க கோமதிக்கு பாம்புக் காது. இவ்ளோ சத்தத்துல நமக்கே ஒண்ணும் கேக்கல, அவ மூலையில உக்காந்திருந்தாலும் ஜல்தியா வந்துடறா பாரு!"

அது காதில்லை, கண் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாரும் கத்திப் பேசும் வீட்டில், வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு என்ன குறை தெரிந்துவிடப் போகிறது?

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வம்பில்லாமல் போயின. அந்த இரண்டு வகுப்புக்கும் பாடம் எடுத்த டீச்சருக்கு எங்கள் நைனாவைத் தோற்கடிக்கும் குரல். அவர் அகரம் சொல்லிக்கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரரும் சேர்ந்து படித்துவிடுவார். மூன்றாம் வகுப்பில் வந்தவர் வசந்தா டீச்சர். தங்கமானவர். யாரையும் அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார், பிரம்பே கிடையாது, பேசினால் பூ உதிர்வதைப் போலப் பேசுவார் என்று மற்ற பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். என் தலையெழுத்து, அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை, எனக்கும் சளி பிடித்துக்கொண்டு விடவில்லை.

வகுப்பில் நான் பார்த்தது இதுதான். டீச்சர் போர்டைப் பார்த்துக்கொண்டு எழுதுவார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் நோட்டைத் திறப்பார்கள், அல்லது சிரிப்பார்கள், அல்லது எழுந்து நிற்பார்கள். யார் சொல்லி இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்காது. டீச்சர் அவர்களுக்கு மட்டும் ஏதோ ரகசியம் சொல்லி வைத்திருக்கிறார், என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எந்தப் பிள்ளை போய்ச் சொல்லும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான், எனக்கு அது மூக்குக்கு மேலே வந்தது.

பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தேன், "காப்பியடிக்கிறாள்" என்றார்கள். என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன், எங்கள் வீட்டுக் குரலில். "பேசிக்கொண்டே இருக்கிறாள்" என்றார்கள். டீச்சரின் முகம் தெரியட்டும் என்று எழுந்து முன்னால் போனேன். "உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள்" என்றார்கள். பின்னாலிருந்து யாராவது தொட்டால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிப் பிடித்துத் தள்ளினேன், "ரௌடி" என்றார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவளுக்கு எங்கள் ஊரில் ஆயத்தமாக ஒரு பெயர் இருந்தது: "ராங்கி". பிரம்பெடுக்காத டீச்சரிடமே இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்றால் கோளாறு பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டீச்சர் கொடுமைக்காரராக இருந்திருந்தால்கூட எனக்காகப் பேச நாலு பேர் வந்திருப்பார்கள்.

ஒருநாள் டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நேரே போனேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் ஏறினேன். டீச்சரின் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். வீட்டில் தறி ஓடும்போது கேட்கும் அதே குரலில்.

வசந்தா டீச்சரின் கண்ணில் தண்ணீர் நின்றது. சாயங்காலத்துக்குள் "கோமதி டீச்சர் மேல கை வச்சிட்டா" என்ற செய்தி எங்கள் தெருவுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் நைனாவைக் கூப்பிட்டு விட்டார்கள். பெரிய சார், அதாவது தலைமை ஆசிரியர், டி.சி. கொடுத்துவிடுகிறேன், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். அங்கே வசந்தா டீச்சர்தான், ஒருவேளை பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று வாயெடுத்தாராம். அதற்கு நைனா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

"அப்படியெல்லாம் பழி போடாதீங்க டீச்சரம்மா. ரெண்டு தறி ஓடிகினு இருக்கும், அந்தச் சத்தத்துலயே கூப்ட்டா ஓடியாருவா. ஊசி விழற சத்தம் கேக்கற உங்க கிளாஸ்ல அவளுக்குக் கேக்கலியா? இது திமிரு, வேற ஒண்ணும் இல்ல."

சத்தத்தில் கேட்கிறவளுக்கு அமைதியில் கேட்காதா என்று பெரிய சாரும் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து என் முதுகில் இரண்டு வைத்தார் நைனா. அடித்த கையோடு, களம்பூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு என்னை அனுப்பிவிடுவதென்றும் முடிவு செய்தார். அத்தைக்குப் பிள்ளை கிடையாது, பொறுமையும் கிடையாது. வீட்டுக்காரர் அரிசி ஆலையில் வேலை செய்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டு, அத்தை கையால் நாலு அடி வாங்கினால் புத்தி வரும் என்பது ஏற்பாடு. டி.சி., களம்பூர், அத்தை என்ற மூன்று வார்த்தையும் அந்த வாரம் முழுக்க எல்லார் வாயிலும் அசைந்துகொண்டே இருந்ததை நான் நன்றாகவே பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை, மாதாமாதம் லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். காலையிலிருந்தே தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நைனா கூடத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். நான் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, ஊருக்குப் போகிற துக்கத்தில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறாள்.

"பாத்தியா? இதான் ராங்கி. என்னிக்கோ அத்தையாண்ட வுட்டிருக்கணும்" என்று நைனா படுத்த இடத்திலிருந்தே சொன்னாராம்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று, "வாழக்காய் பஜ்ஜி போடட்டாடி?" என்று கேட்டிருக்கிறாள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாழைக்காய் பஜ்ஜிக்காக நான் காய்ச்சலில் படுத்தபோதுகூட எழுந்து வந்தவள். கோபம் எத்தனை இருந்தாலும் பஜ்ஜி விஷயத்தில் எனக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது. அன்றைக்கு நான் குச்சியை ஒடித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். சாயங்காலத்துக்கு முன்னால் கரண்ட் வந்தது, நைனா தறியை ஓட்டினார், தெரு மறுபடி அதிர ஆரம்பித்தது. நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து வழக்கம்போல் ஒரு கத்துக் கத்தினாள். நான் துள்ளி எழுந்து ஓடினேன். நைனா என்னைக் காட்டி, நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி கையை விரித்தார்.

அம்மா நேராகச் சுவரண்டை போனாள். ஓடுகிற தறி இரண்டின் சுவிட்சையும் அணைத்தாள்.

அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று தறி வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். நெய்கிறவரைக் கேட்காமல் அடுத்தவர் சுவிட்சில் கை வைப்பது எங்கள் தெருவில் கிடையவே கிடையாது. நைனா பாய்ந்து வந்து, "உனக்கு இன்னா புத்தி பேதலிச்சிடுச்சா?" என்று கத்தினார். அம்மா அசையவில்லை.

"கரண்டு இருந்தா நல்ல புள்ள, கரண்டு போனா ராங்கியா? அது எந்த ஊரு ராங்கிங்க? சத்தம் இருந்தா நாம கத்தறோம். சத்தம் போனா மெதுவா பேசறோம். அவ மாறல, நாமதான் மாறிகினு இருக்கோம். நீங்களே அவ பின்னால நின்னு கூப்புடுங்க பாக்கலாம்."

நைனா கூப்பிட்டார். நான் நின்றுபோன தறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கூப்பிட்டார், பாசமாக. ஒன்றுமில்லை. அவர் என் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கோமு, நைனா கூப்ட்டது கேக்கலியா?"

"கேக்குதே!" என்றேன் நான், அவர் வாயைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பதில் அவரைக் குழப்பிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு மறுபடி ஏதோ சொன்னார். துண்டு அசைந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, நைனாவும் ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டாரே என்று. துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

நைனா என் கையை முகவாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "டீச்சராண்டயும் இதத்தான் செஞ்சியா கண்ணு?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். இதைத்தானே செய்தேன், வேறு என்ன செய்தேன்?

திங்கட்கிழமை நாங்கள் களம்பூர் பஸ் ஏறவில்லை, வேலூர் பஸ் ஏறினோம். காது டாக்டர் ஒரு சின்ன விளக்கை வைத்து எட்டிப் பார்த்தார், ஏதோ கருவியைக் காதில் மாட்டி, சத்தம் கேட்டால் விரல் தூக்கச் சொன்னார். சளி சளியென்று அலட்சியமாக விட்டதில் செவிப்பறைக்குப் பின்னால் பசையாகத் தேங்கிக் கிடக்கிறது, மெதுவான பேச்சு உள்ளே போகவில்லை, சரிசெய்துவிடலாம் என்றார். இத்தனை நாள் வீட்டில் எப்படிக் கவனிக்காமல் இருந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "எங்க வீட்ல யாரும் பேச மாட்டோங்க டாக்டர், கத்துவோம்" என்று அம்மா கத்திச் சொன்னாள்.

மறுநாள் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் வாசல்தோறும் நின்றாள். "எம் பொண்ணு ராங்கி இல்ல, காதுல சளி. கேட்டுக்கோங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பித்தாள். என்னை ராங்கி என்று சொன்ன வீடு எதுவும் விட்டுப்போகவில்லை. பெரிய சார் அறையில், உட்காருங்கள் என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், டி.சி. என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

வசந்தா டீச்சர் வகுப்பிலிருந்து ஓடி வந்தார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, என் உயரத்துக்குக் குனிந்து, தன் முகத்தை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வாயை நன்றாக அசைத்துச் சொன்னார்: "இனிமே கேக்கலன்னா இப்படிப் புடிச்சுத் திருப்பிக்கோ. டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அன்று முதல் எனக்கு முதல் பெஞ்சு. டீச்சரும் போர்டைப் பார்த்துக்கொண்டு பேசுவதை விட்டுவிட்டார்.

சளி மருந்தில் முழுசாகக் கரையாததால் பிறகு ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, கடுகளவு குழாய் ஒன்றைக் காதில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்து முதலில் கேட்டது அம்மாவின் வளையல். பஸ்ஸில் டிக்கெட் கிழிகிற சத்தம், என் கொலுசு, நான் சோறு மெல்லும் சத்தம் எல்லாம் புதுசு. எல்லாவற்றையும் "இது இன்னா, அது இன்னா" என்று கேட்டு அம்மாவைப் பேஜார் பண்ணினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நைனா சந்தோஷத்தில் தறியை ஓட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இத்தனை நாள் இந்த இடியிலா குடித்தனம் நடத்தினோம்!

வகுப்புக்குத் திரும்பிய நாளில் வசந்தா டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். என் பெயர் வந்தபோது மட்டும் வேண்டுமென்றே போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டு, அவருக்கே உரிய அந்தக் குரலில் கூப்பிட்டார். பூ உதிர்வது என்று பிள்ளைகள் சொன்னது அந்தக் குரலைத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "உள்ளேன் டீச்சர்!" என்றேன். நான் போட்ட போடில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வகுப்பு கைதட்டியது, நான் தள்ளிவிட்ட பிள்ளைகளும் சேர்ந்து. ஜெயித்துவிட்டேன் என்று நான் நினைத்த நாள் அது. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளக் காரணமில்லை.

இப்போது நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். "அடங்காத பிள்ளை" என்று யாராவது ஒரு பிள்ளையை என்னிடம் இழுத்து வந்தால், அதை விட்டுவிட்டு இழுத்து வந்தவரைத்தான் முதலில் கேள்வி கேட்பேன். அதனால் எனக்குச் சக டீச்சர்களிடம் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. சந்தவாசலுக்கும் அப்பாலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு சிறுமி மணி பத்தடித்தால் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டோம், ஒன்றுமில்லை என்றாள். பிரேயர் முடிந்ததும் அவளுக்கு இரண்டு இட்லி கொடுக்க ஏற்பாடு செய்தோம், கடி நின்றது. பிள்ளைகள் சும்மா எதையும் செய்வதில்லை. காரணத்தைச் சொல்லத் தெரியாததால்தான் கையையும் பல்லையும் வைத்துச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் பவர்லூம்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே ஷெட்டுகளுக்குப் போய்விட்டன. கூடத்தில் இப்போது சோபா கிடக்கிறது, குடத்துத் தண்ணீர் நடுங்குவதில்லை. என்னை ராங்கி என்று கூப்பிட்டவர்களில் பலர் இன்று என்னை டீச்சரம்மா என்கிறார்கள். ஒன்று மட்டும் மாறாமலே இருந்தது, அம்மாவின் கத்தல். அதற்கும் காரணம் இருந்தது. கொஞ்ச காலமாக நைனாவைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு: "பெரியவருக்கு இப்போ ராங்கி ஜாஸ்தி ஆயிடுச்சு. எதிர்ல கூப்ட்டாகூட கண்டுக்காம போறாரு."

கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆயுசு முழுக்க அந்த இடியில் நின்றவருடைய காது என்ன ஆகியிருக்கும் என்று நானே இத்தனை நாள் யோசிக்கவில்லையே என்று அதற்கு மேல் கொதித்தது. மாட்டேன் மாட்டேன் என்று அடம்பிடித்தவரை, சின்னப் பிள்ளையை இழுத்துப் போவதைப் போல வேலூருக்கு இழுத்துப் போய், போன மாதம் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக் கூட்டி வந்தேன். வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, இத்தனை வருஷப் பழக்கத்தில், கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்துக்கொண்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

நைனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏம்மே இப்படிக் கத்தற? மெதுவா பேசு. எனக்குக் கேக்குது."

மெதுவாகப் பேசு என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதே கிடையாது. அம்மாவுக்கு அது வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குக் கேட்டிராத ஒரு குரலில், சின்னப் பெண்ணைப் போல, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போடு" என்றார் நைனா, அவள் பக்கம் திரும்பாமலேயே.